துறைமுக வீதியில் ஒரு கணினிக் கால்

மனிதப் பாதத்தைக் கணினிக்குள் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரித்து, பாரம் ஏறும்போது எந்தத் துண்டு முதலில் விட்டுக்கொடுக்கும் என்று கணக்குப் பார்ப்பது என் தொழில். ஒரு வாரக் கணக்கைக் கணினி 'பிழை' என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவைக்க, தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தவர்களுக்கு என் நிலைமை விளங்கும். சண்டைக் காலத்தில், திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், செயற்கைக் கால் செய்யும் ஒரு பட்டறையில் இதைச் செய்தேன். அங்கே வார்த்த ரப்பர் பாதங்கள் சீக்கிரம் வெடித்துப்போயின. ஏன் என்று கண்டுபிடிக்கத்தான் பொறியியல் படித்த என்னை வேலைக்கு எடுத்தார்கள்.

பைக்குள் இருந்தது

கணினிக்குக் காட்ட ஒரு நல்ல பாதம் தேவைப்பட்டது. வீட்டில் என் வலது பாதத்தையே பிளாஸ்டரில் வார்த்து, துணியில் சுற்றிக் கொண்டுபோனேன். சோதனைச் சாவடியில் சிப்பாய் பைக்குள் கையை விட்டார். விரல்கள் தட்டுப்பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் விளக்கி, செருப்பைக் கழற்றி என் காலையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்தி, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்:

"எங்கட கேம்ப்பில ஒரு ஆள், ரெண்டு காலும் இல்லை. அவருக்கும் கால் குடுக்கிறதா?"

முன்கூட்டியே அளவு

ஒரு பாதம் போதாது, ஊரவர்களின் பாத அளவுகளும் வேண்டும் என்று சந்தைப் பக்கம் அறிவித்தோம். உள்ளங்காலில் மை பூசிக் கடதாசியில் பதிப்பதுதான் வேலை. முதல் நாள் வந்தது சாம்பல்தீவில் இருந்து ஒரு தாய் மட்டும். இரண்டு மகள்களையும் கூட்டி வந்திருந்தா. மை கூசுகிறது என்று சின்னவள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

அளவு எடுத்து முடிந்தும் தாய் போகவில்லை. கடதாசிகளில் பிள்ளைகளின் பெயரையும் வயதையும் எழுதி அலுமாரியில் பத்திரமாக வைக்கச் சொன்னா. என் கணக்குக்குப் பெயர் தேவையில்லை என்றேன். அவ விடவில்லை:

"கால் இருக்கேக்கயே எடுத்து வையுங்கோ மிஸ். பிறகு அளவுக்கு நாங்கள் எங்க போறது?"

நாநா சொன்ன இடம்

கிண்ணியாவில் இருந்து தினமும் தோணியில் கடலைக் கடந்து வருபவர் ரபீக் நாநா; முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். எங்கள் பட்டறையில் ரப்பர் வார்ப்பவர் அவர்தான். குதிக்காலில்தான் பாரம் அதிகம் என்று என் கணினி சொல்லும். பெருவிரல் அடியில்தான் வெடிக்கும் என்று நாநா சொல்லுவார். ஒருநாள் பொறுக்க ஏலாமல், கணக்கில்லாமல் எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

அவர் காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டினார். அதற்குக் கீழே இருந்தது எங்கள் பட்டறைக் கால். எட்டு மாதம் ஒரே அறையில் வேலை செய்திருக்கிறேன். கவனித்ததே இல்லை. அவர் கோபிக்கவும் இல்லை.

"நீங்க கம்ப்யூட்டர்ல காலப் பாத்தீங்க மிஸ். என்ட கால ஒருநாளும் பாக்கல்லயே."

மூன்றாம் கிழமை

நாநா காட்டிய இடத்தைத் தடிப்பாக்கி வார்த்த முதல் பாதத்தை மீன்பிடிக்கும் யோகண்ணனுக்குக் கொடுத்தோம். இரண்டு வருடம் உழைக்கும் என்றது கணினி. மூன்றாவது வாரமே அதைப் பையில் போட்டுக்கொண்டு ஊன்றுகோலில் வந்தார். பெருவிரல் அடி கிழிந்திருந்தது. கொஞ்சம் எரிச்சலோடுதான் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

ஊருக்குள் ஷெல் குண்டு விழுந்ததாம். காய்ச்சலில் கிடந்த மனைவியைத் தோளில் போட்டுக்கொண்டு கோயில் வரைக்கும் மணலில் ஓடினாராம். நான் கணினிக்குள் ஒரு ஆளின் பாரத்தைக் கொடுத்து, அவரைச் சமதரையில் நிறுத்திவைத்திருந்தேன். அவரைப் பார்க்க வெட்கமாக இருந்தது. மனைவிக்கு எப்படி என்று மட்டும் கேட்டேன். சுகம் என்றார். பிறகு திரையில் அசையாமல் நின்ற பாதத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"உங்கட கணக்கில நான் நிண்டுகொண்டே இருந்திருக்கிறன் தங்கச்சி. ஷெல் விழேக்க ஆர் நிக்கிறது?"

அதன்பிறகு இரண்டு பேரின் பாரத்தை ஏற்றி, ஓடவைத்துக் கணக்குப் பார்த்த பாதம் யோகண்ணனுக்கு ஒன்றரை வருடம் உழைத்தது. கணினியோ கடைசிவரை எதற்கும் திடுக்கிடவில்லை, அந்த வேலையை முழுதாக எனக்கே விட்டுவிட்டது.