யாரும் ஏறமாட்டார்கள்

லிப்டுக்குள் நோட்டீஸ் ஒட்டும்போது நான்கு மூலைக்கும் டேப் போட்டுவிட்டு, நடுவிலும் ஒன்று போடுவார் தனேஸ்வரன். நடுவில் எதற்கு என்று கேட்டால், “இருக்கட்டும் லா, காத்து அடிக்கும்” என்பார். லிப்டுக்குள் காற்று அடித்து யாரும் பார்த்ததில்லை.

நாளை ஒன்பது மணி முதல் பதினொன்று வரை கூரையைப் படம்பிடிக்க ட்ரோன் பறக்கும். குடியிருப்போர் திரைச்சீலைகளை மூடி வைக்க வேண்டும். நோட்டீஸில் உள்ளது அவ்வளவுதான். மலேசியாவின் ஈப்போ நகரில் இருபத்து மூன்று அடுக்குமாடிகளின் கூரைகள் அவர் பொறுப்பு. “மந்திரி வந்தா திரையத் தொறக்குறாங்க, நான் வந்தா மூடுறாங்க” என்று அவரே சிரித்துக்கொள்வார்.

வயது நாற்பத்தேழு. கட்டையான உருவம், வெளுத்துப்போன நீலத் தொப்பி. சமதரையிலும் முன்பாதத்தை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் குதிகாலை ஊன்றுவார். ஓட்டின்மேல் நடந்த பழக்கம். ரிமோட்டின் திரையை இரண்டு நிமிடம் பார்த்தால் போதும், தீர்ப்பு வந்துவிடும்: “ஓடு நல்லாத்தான் இருக்கு. செவுரு சேருற எடத்துல வாயத் தொறந்துருச்சு.”

பதினெட்டு ஆண்டுகள், கயிறு கட்டியும் கட்டாமலும், அவரே கூரை ஏறியவர். அதில் பதினோரு ஆண்டுகள் மனைவி கலாதேவி தினமும் காலையில் ஒரே சொல்லைச் சொன்னாள்: “ஏறாதீங்க.” சிம்பாங் பூலாயில் ஒரு கூரையிலிருந்து ஓட்டோடு சரிந்து அவர் தோள் முறிந்தது. கட்டுப் பிரித்த மறுநாளே ஏணியைத் தூக்கினார். அன்று மாலைக்குள் அவள் மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டாள். போனில் அவர் எண்ணையும் தடுத்துவிட்டாள். ஆறு மாதம் கழித்து அவர் ட்ரோன் பயிற்சியில் சேர்ந்தார்.

“அவ இருந்த வரைக்கும் ஏறுனேன். போனப்புறம் எறங்கிட்டேன். அத அவகிட்ட யாரு சொல்றது?”

குனோங் ராபாட்டில் ஒரு பதினான்கு மாடிக் கட்டடம். அதன் உச்சி மாடியில்தான் கலாதேவி குடியிருக்கிறாள். கதவைத் தட்டலாமே என்றால், “கூப்புடாம போறது மரியாதை இல்ல லா” என்பார். அதனால் அந்தக் கட்டடத்து நோட்டீஸில் மட்டும், மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் கீழே, தம் கையெழுத்தில் ஒரு தமிழ் வரியைச் சேர்த்துவிடுவார்: கூரைமேல் யாரும் ஏறமாட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மூன்று ஆண்டுகளாக. பதிலேதும் வந்ததில்லை.

சென்ற மாதம் அந்த உச்சி மாடியிலிருந்தே ஒழுகல் புகார் வந்தது. இந்தக் கதையெல்லாம் தெரியாத கட்டடச் செயலாளர் முகுந்தன், ட்ரோன் பறந்த காலையில் கார் நிறுத்துமிடத்தில் தனேஸ்வரன் பக்கத்தில் நின்று ரிமோட்டை எட்டிப் பார்த்தார். மூடிய திரைச்சீலைகளுக்கு நடுவே ஒரு பால்கனி. அதில் ஒரு பெண் துணி காயப்போடும் கொம்பை உயர்த்தி மேல்மூலையைக் காட்டிக்கொண்டிருந்தாள். தனேஸ்வரனின் கட்டைவிரல் அசையவில்லை; ட்ரோன் அங்கேயே நின்றது. முகுந்தன் அவளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரைத் தட்டினார்.

“அக்கா, திரைச்சீலைய மூடலையா? நோட்டீஸ் ஒட்டியிருந்தோமே!”

“அதெல்லாம் யாரு தம்பி படிக்கிறா? இந்தா, இந்த மூலையிலதான் ஒழுவுது.” கொம்பு பாதியில் நின்றது. “மேல ஆளு ஏறியிருக்கா? நேத்து பேஞ்ச மழைக்கு வழுக்கும். மொதல்ல எறங்கச் சொல்லுங்க.”

“யாரும் ஏறலக்கா. ட்ரோன் விடுறாரே தனேஸ்வரன் அண்ணே, அவரு கீழ என் பக்கத்துலதான் நிக்கிறாரு.”

ரிமோட்டின் திரையில் அவள் கொம்பைச் சுவரோரம் சாய்த்தாள். பிறகு கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தாள்.

தனேஸ்வரன் தொப்பியைக் கழற்றினார். வியர்வையில் ஒட்டிக்கிடந்த முடியை விரல்களால் வாரிவிட்டுக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்காமல் முகத்தை மேலே தூக்கி நின்றார்.