மேப்பில் விழுந்த மூன்று சுற்று

என் அக்காவுக்கு வழி சொல்லப் போனால் வம்புதான். "நேரா போய்த் திரும்பு" என்றால், "எத்தனை மீட்டர் நேரா?" என்று கேட்பாள். அத்தான் கல்யாணமான புதிதில் பதில் சொல்லிப் பார்த்தார். இப்போது வண்டி ஓட்டுவதோடு சரி, வாயைத் திறப்பதில்லை.

அவள் வேலை அப்படி. மலையேறுகிறவர்கள் கையில் வைத்துக்கொள்ளும் ஜிபிஎஸ் கருவிகளுக்கு மேப் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் பரிசோதகர். புதுப் பதிப்பு எதுவானாலும் விற்பனைக்குப் போகும் முன் அவள் கைக்கு வரும். மூன்று கருவிகளில் ஏற்றிக்கொள்வாள். வெயிலில் திரை தெரிகிறதா, ஓடையின் நீலக்கோடு பாதையை மறைக்கிறதா, பெரிதாக்கினால் படம் உடனே வருகிறதா அல்லது கொட்டாவி விட்டுக்கொண்டு வருகிறதா என்றெல்லாம் பார்த்து மார்க் போடுவாள். அதன் பிறகு மலைக்குப் போய் நடந்து பார்ப்பாள். போகிற வழியில் புதுப் பாதைகளையும் பதிந்துகொண்டு வருவாள். பதினோரு வருஷமாக இதே பிழைப்பு. ஐம்பத்திரண்டு வயதில் ஆடு மாதிரி ஏறுகிறாள். எனக்கு நாற்பத்தைந்து, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும்.

தப்பான பாதையை மேப்பில் ஏற்றிவிட்டவர்களை அந்தக் கம்பெனி வேலையை விட்டு அனுப்பாது. வாடிக்கையாளர்களின் புகாரைக் கேட்கும் ஃபோன் சீட்டில் உட்கார்த்திவிடும், ரிட்டையர் ஆகும்வரை. இல்லாத பாலம் ஒன்றைப் போட்ட மனிதர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். அந்த சீட் என்றாலே அக்காவுக்குப் பயம். "நாலு சுவத்துக்குள்ள உக்கார வெச்சா நான் செத்துடுவேன்டி" என்பாள். அது மிகையில்லை. இரண்டு நாள் மழை பெய்து வீட்டில் அடைந்தாலே அத்தானைப் படுத்தி எடுத்துவிடுவாள்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் என்னைக் கூப்பிட்டாள். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பில் புதுப் பதிப்பு திறந்திருந்தது. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"இங்க பாரு" என்றாள்.

சம உயரக் கோடுகள் நெருங்க நெருங்கச் சரிவு செங்குத்து என்று அர்த்தம். அவள் காட்டிய இடத்தில் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. அவற்றை வெட்டிக்கொண்டு ஒரு பாதை, ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி நேராக இறங்கியது.

"எந்த முட்டாள் போட்டது?" என்றேன்.

"நான்தான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"மேல மூணு சுத்து தெரியுதா? ஆறு வருஷத்துக்கு முன்னாடி பனில வழி தவறிட்டேன். மூக்குக்கண்ணாடி வேற விழுந்துடுச்சு. அதைத் தேடித்தான் சுத்திச் சுத்தி வந்தேன். இந்தப் பாறை கிட்ட பேட்டரி போயிடுச்சு. வேற பக்கமா தட்டுத் தடுமாறி இறங்கி, கீழ வந்துதான் மாத்தினேன். அணைஞ்ச இடத்தையும் திரும்பப் போட்ட இடத்தையும் கருவி நேர்க்கோடா இணைச்சுடும். வீட்டுக்கு வந்ததும் அதை அழிச்சிருக்கணும். மறந்து அப்படியே அனுப்பிட்டேன்."

"உன் பேரு அதுல இருக்கா?"

"இல்ல."

"அப்போ சத்தம் போடாம இப்போ அழிச்சுடு."

நான் அப்படித்தான் சொன்னேன், மறைப்பானேன்.

"அழிச்சா இனிமே வாங்கறவங்களுக்குத்தான் சரியாகும். ஏற்கெனவே வாங்கினவங்க கையில இருக்கே? அவங்களுக்கு எச்சரிக்கை அனுப்பணும்னா மேனேஜர்கிட்ட சொல்லணும். சொன்னா, பதிஞ்சது யாருன்னு கேப்பார்."

யாராவது நிஜமாகவே அந்த வழியில் போகிறார்களா என்று முதலில் பார்த்துவிடலாம் என்றாள். தனியாக விட மனமில்லாமல் மறுநாள் காலை நானும் கூடப் போனேன்.

இரண்டு மணிநேரம் ஏறினோம். எனக்கு நாக்குத் தள்ளியது. புல்வெளிக்கு வந்ததும் அக்கா அப்படியே நின்றுவிட்டாள். புல் தேய்ந்து, வட்டமாக, அழகான ஒற்றையடிப் பாதை! அதில் வயதான ஒரு கணவன் மனைவி, கையில் கருவியுடன், பயபக்தியோடு சுற்றி வந்துகொண்டிருந்தார்கள்.

"எதுக்குச் சுத்தறீங்க?" என்று கேட்டேன்.

"மேப்புல மூணு சுத்து போட்டிருக்கும்மா. ஏதாவது காரணம் இருக்கும்ல?" என்றார் பெரியவர். "இது ரெண்டாவது."

நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மூன்றாவதையும் முடித்துவிட்டு அவர்கள் பாறைப் பக்கம் நடந்தார்கள். அக்கா ஓடிப்போய் முன்னால் நின்று இரண்டு கைகளையும் விரித்தாள். பெரியவர் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். காலுக்குக் கீழே நாற்பது மீட்டர் ஒன்றுமேயில்லை.

"மேப்புல கீழ போகுதே..." என்றார்.

"மேப்பு தப்பு. போட்டவ நான்தான். என்னை மன்னிச்சுடுங்க."

அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்: "அப்போ அந்தச் சுத்து?"

"அது என் மூக்குக்கண்ணாடியைத் தேடினது."

அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்து சிரித்தார். "இவர் என்னை முழங்கால் வலியோட மூணு சுத்து சுத்த வெச்சாரே!"

அக்கா சிரிக்கவில்லை. ஃபோனை எடுத்தாள். நான் கையைப் பிடித்தேன். "திங்கக்கிழமை நேர்ல சொல்லிக்கலாம்க்கா. ரெண்டு நாள் யோசி."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைடி. எத்தனை பேர் வருவாங்களோ" என்று கையை உதறினாள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

ஸ்பீக்கரில் போட்டு, நின்றபடியே மேனேஜரிடம் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் நல்ல மனிதர், ஆனால் விதி என்றால் விதி.

"எச்சரிக்கை இன்னிக்கே போயிடும்" என்றார். "ஆனா உங்களை ஃபோன் சீட்டுக்கு மாத்தித்தான் ஆகணும். வேற வழியில்லை."

"சரி சார்" என்றாள். கண் நிறைந்துவிட்டது.

"ஒரு விஷயம்" என்று அவர் இழுத்தார். "இதே மாதிரி வேற நேர்க்கோடு எங்கயாவது இருந்தா? நீங்க பதிஞ்ச பாதை அத்தனையையும் மறுபடி நடந்து பார்த்துட்டு, அப்புறம் சீட்டுக்கு வாங்க. மொத்தம் எவ்வளவு இருக்கும்?"

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கணக்குப் போட்டாள். "நாலாயிரம் கிலோமீட்டர் இருக்கும் சார்."

"எத்தனை நாள் ஆகும்?"

"நான் ரிட்டையர் ஆக ஆறு வருஷம் இருக்கு சார்" என்றாள். "வேகமா நடந்தா, கடைசி நாளுக்குள்ள முடிச்சுடுவேன்."

அந்தப் பக்கம் கால்குலேட்டர் தட்டும் சத்தம் கேட்டது.

"வேகம் வேண்டாம்" என்றார் மேனேஜர். "நிதானமாவே நடங்க."