பென்சிலால் வரைந்த கரை

யாழ்ப்பாணத்துக்கு வேலைக்கு வந்து நான்கு வருஷமாகியும் எனக்குப் பழகாதது இங்கத்திய வேலி. அச்சுவேலியில் நான் குடியிருக்கும் சந்தின், இங்கத்தியார் சொல்லும் ஒழுங்கையின், இரு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் பனையோலை வேலி நிற்கும். நடந்துபோனால் ஒரு வீடும் தெரியாது. ஆனால் உள்ளேயிருந்து, "மாஸ்ரர், இண்டைக்குப் பள்ளிக்கூடம் இல்லையோ?" என்று ஒரு குரல் வரும். யாரென்று தெரியாமலே, "லீவு" என்று ஓலைக்குப் பதில் சொல்லிவிட்டு நடப்பேன். கும்பகோணத்தில் எங்கள் வாசலில் நின்றால் எதிர்வீட்டுக் கொல்லை வரை தெரியும். நம்மைப் பார்ப்பவரை நாமும் பார்க்கலாம். இங்கே பார்ப்பவர் தெரிவதில்லை. உலக யுத்தம் கிழக்கேயிருந்து நெருங்கிய அந்த வருஷம் வரை இதை வேடிக்கையாகத்தான் எண்ணியிருந்தேன்.

அந்த வருஷம்தான் எங்கள் முதல் குழந்தை இங்கே பிறந்து ஒன்பதாம் நாள் போய்விட்டது. என் மனைவி செண்பகம் மூன்று மாதம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. ஊருக்கு அனுப்பலாமென்றால் கப்பலை நம்ப முடியவில்லை. ஒருநாள் காலையில் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, "ஏங்க, சுத்திலும் கடல்னு சொல்றீங்களே. வர்றப்போ கப்பல்ல நான் கண்ணையே திறக்கலை. ஒரு தடவை பார்த்துட்டு வரலாமா?" என்றாள். அத்தனை நாளில் அவளாக எதையும் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான் பூகோளம் கற்பிப்பவன். ஒரு காரியத்தைச் சரியாகச் செய்யவேண்டுமென்றால் எனக்குப் படம் போடத்தான் தெரியும். இரண்டு சனிக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு தொண்டைமானாற்றிலிருந்து வல்வெட்டித்துறை வழியாகப் பருத்தித்துறை வரை கரையோரமாகவே போனேன். எங்கே வாடகைக் காரை நிறுத்தினால் நிழல், எங்கே நல்ல தண்ணீர்க் கிணறு, எங்கே கல் இல்லாமல் மணல், அவள் காலை நனைக்க எங்கே ஆழம் குறைவு என்று ஒவ்வொன்றையும் குறித்தேன். வலை காயப்போட்டவர்களிடம், "இங்கே எத்தனை அடி ஆழம்? பெரிய தோணி கரைவரை வருமா?" என்று கேட்டேன். தோணி வரும் இடத்தில் கல் இருக்காது என்பது என் கணக்கு. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அளவுக்கணக்கோடு ஒரு வரைதாளில் பென்சிலால் வரைந்தேன். இங்கே வெளிச்சவீடு என்கிற கலங்கரை விளக்கத்தையும் விடவில்லை.

முன்பு மாணவர்களைத் தரங்கம்பாடிக்கு அழைத்துப்போனபோதும் இப்படித்தான் படம் போட்டேன். அங்கே மீனவர்கள் சுற்றி நின்று, தங்கள் குடிசையையும் வரையச் சொல்லி இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். அந்த நினைப்பிலேயே இங்கும் இருந்துவிட்டேன். திருகோணமலையில் குண்டு விழுந்திருந்தது. பலாலியில் விமானங்களுக்காக நிலம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். எதிரிக்கு உளவு வேலை செய்கிறவர்கள் கரையோரம் திரிகிறார்கள் என்று சந்தையில் பேச்சு. அப்படித் திரிபவனைப் போலவே நான் திரிந்திருக்கிறேன் என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு ஆள் வேலிக்கதவான படலையில் வந்து நின்றான். "விதானையார் உங்களோடை கதைக்கவேணுமாம். கடுதாசியையும் கொண்டுவரட்டாம்."

விதானையார் என்பவர் இங்கே ஊருக்கு அரசாங்கம் வைத்த தலைவர். உள்ளேயிருந்து செண்பகம், "கதை சொல்லவா கூப்பிடறார்?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் சிரிக்கவில்லை. படம் போட்ட கடுதாசியைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

விதானையார் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"தொண்டைமானாத்தடியிலை என்ன செய்தனீர்?"

"மீன் பிடிக்கிறவர்களோடு பேசினேன்."

அவர் நிமிர்ந்தார். "ஏன் பேசினனீர்? அவங்கள் என்ன பிழை செய்தவங்கள்?"

இங்கே பேசுவது என்றால் ஏசுவது. நன்றாகத் தெரிந்த சொல்தான், பயத்தில் கைவிட்டுவிட்டது. "இல்லை, கதைத்தேன், கதைத்தேன்" என்றேன். விசாரணைக்கு நடுவே சாட்சியத்தை மாற்றுகிறவன் குரலாகவே அது என் காதில் விழுந்தது. அவர் படத்தை விரித்து விரலை வைத்தார்.

"உதிலை ஆழம் ஏன் எழுதிக்கிடக்கு? ஆருக்கு உந்தப் படம்?"

"என் மனைவிக்கு."

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தையைப் பற்றி இந்த ஊரில் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். அவர் படத்தைச் சுருட்டித் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"இது என்னட்டைக் கிடக்கட்டும். பொலிசுக்கு அனுப்பிறதோ எண்டு யோசிக்கவேணும். நீர் ஊரை விட்டு வெளிக்கிடாதையும்."

அதன்பிறகு வந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. சைக்கிள் மணி கேட்டாலே வேலி ஓலையின் இடுக்கில் கண்ணை வைத்தேன். வகுப்பில் கரும்பலகையில் இலங்கையை வரையத் தொடங்கி, வடகரை வந்ததும் கை நின்றுவிட்டது. அழித்துவிட்டு மழையைப் பற்றி நடத்தினேன். என்னைப் பிடித்துப்போனால் கொடுத்தனுப்ப இரண்டு வேட்டியும் ஒரு துண்டும் செண்பகம் மூட்டை கட்டி வைத்திருந்தாள். வீட்டை விட்டு வராதவள் நாள் முழுக்கப் படலையில் நின்று ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துக்கத்தால் முடங்கியவளைப் பயம் எழுப்பிவிட்டிருந்தது.

ஒரு மாலை விதானையார் தாமே வந்தார். "உந்தப் படத்தை எரிச்சுப்போட்டன்" என்றார். "அம்மாவைக் கூட்டிக்கொண்டு கடல் பாக்கப் போட்டு வாங்கோ. பென்சிலும் கடுதாசியும் கொண்டுபோகாதேங்கோ. கண்ணாலை மட்டும் பாருங்கோ." நீர் என்றவர் இப்போது மரியாதைக்கு மாறியிருந்தார்.

குருநகர் அந்தோனியின் வாடகைக் காரில் போனோம். நான் பார்த்துப் பார்த்துக் குறித்த இடங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றிலும் யாராவது நின்றார்கள். "போகட்டும், போகட்டும்" என்றேன். "என்ன மாஸ்ரர், கடல் பாக்கவெண்டு வந்திட்டு ஓடுறியள்?" என்று அந்தோனி கேட்டார். வல்வெட்டித்துறை தாண்டியதும் செண்பகம், "நிறுத்தச் சொல்லுங்க" என்றாள். நான் எங்கும் குறித்திராத இடம், கரையெல்லாம் கல். அவள் சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு கல்லில் கால் வைத்து இறங்கி, முழங்கால் தண்ணீரில் அசையாமல் நின்றாள். அவள் பார்த்தது கடலை, நான் பார்த்தது தெருவை.

அவள் ஏறி வரும்போது இரண்டு கான்ஸ்டபிள்கள் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். மூத்தவர் என் கைகளைப் பார்த்தார், வெறுங்கை.

"எந்த ஊர்?"

"கும்பகோணம்" என்றேன். அதே மூச்சில் என் பின்னாலிருந்து, "அச்சுவேலி" என்றாள் செண்பகம்.

"ரெண்டிலை எது?"

அந்தோனிதான் காரிலிருந்து தலையை நீட்டினார். "அச்சுவேலி மாஸ்ரரும் பெண்சாதியும், ஐயா. எனக்கு நல்லாத் தெரியும்." மூத்தவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கரையிலை கனநேரம் நிக்காதேங்கோ" என்று சைக்கிளில் ஏறினார்.

பருத்தித்துறைக்குப் போகாமல் திரும்பினோம். கொஞ்ச தூரம் வந்தபின், "ஏன் அப்படிச் சொன்னே? ரெண்டு பேரும் மாட்டியிருப்போம்" என்றேன்.

"எந்த ஊருன்னுதானே கேட்டார்" என்றாள். பிறகு, "நீங்க ஏன் கும்பகோணம்னு சொன்னீங்க?" என்று கேட்டாள்.

கோபம் இல்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கார் மேற்கே போய்க்கொண்டிருந்தது. என் பக்கத்து ஜன்னல் முழுவதும் கடல். அவள் பக்கத்தில் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன.