ஃப்ளாஷ் அடிக்காத போட்டோகிராபர்

இருட்டில் படம் எடுப்பது ஒரு வேலையே இல்லை. எடுத்தாச்சு என்று கல்யாண வீட்டை நம்ப வைப்பதுதான் வேலை. கடைசிப் பந்தியில் ரசம் மட்டும் கிடைத்த என் போட்டோகிராபர் இனத்து மக்களே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் புலம்ப?

மேற்குத் தாம்பரத்தில் என் ஸ்டுடியோ. டிஜிட்டல் கேமரா வந்த புதுசு. படப்பையிலிருந்து ரஹ்மத் என்ற பெண் தன் நிக்காஹுக்குப் படம் எடுக்கச் சொல்லி வந்தாள். அவளுடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, ஃப்ளாஷ் என்றால் பயம். "ரெடி" என்றதுமே கண்ணை மூடிக்கொள்வார். அக்காவின் கல்யாண ஆல்பம் முழுக்க மனிதர் தூங்குகிறாராம். "நிக்காஹ் முடிஞ்சு துபாய் போறேண்ணா. அத்தா கண்ணு திறந்திருக்கிற மாதிரி ஒரே ஒரு படம் கையில இருந்தா போதும்." நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? ஃப்ளாஷே இல்லாமல் எடுத்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கை நடுக்கத்துக்கு வைத்தியம்

அதற்காக வாங்கியதுதான் ஸ்டெபிலைசர் லென்ஸ். நம் கை லேசாக நடுங்கினால் உள்ளே ஒரு கண்ணாடி நகர்ந்து சரிக்கட்டிவிடும். மங்கல் வெளிச்சத்துக்காக ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைத்தாலும் படம் கலங்காது, ஸ்டாண்டும் வேண்டாம். இதை வீடியோ குமாருக்கு அரை மணி நேரம் விளக்கினேன். குமார், ஆயிரம் வாட் விளக்கைப் பிடித்து மணப்பெண்ணின் மேக்கப்பை உருக்குகிற மகா கலைஞர். டீயைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "கை நடுங்குதுன்னா டாக்டராண்ட போவாம, இன்னாத்துக்கு நைனா லென்ஸு வாங்கிகினு கீற?"

மூணாவது காது

முதல் ஒத்திகை, திருநீர்மலை அடிவாரத்தில் ஒரு காதுகுத்து. ஃப்ளாஷ் அடித்தால் குழந்தை மிரளும் என்றார்கள். நம்மிடம்தான் அதிசய லென்ஸ் இருக்கிறதே. தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருந்த குழந்தை, ஆசாரி கிட்டே வந்ததும் தலையை ஆட்டிய ஆட்டம் இருக்கிறதே, சாமியாடிகூடத் தோற்றுப்போவார்.

அந்த லென்ஸ் என் கையைத்தான் பிடித்துக்கொள்ளும், குழந்தையின் தலையை அல்ல என்ற உலக மகா உண்மை பிரிண்ட் போட்ட பிறகுதான் உறைத்தது. மாமாவின் மீசையில் ஒவ்வொரு மயிரும் தெளிவு, குழந்தையின் தலை மட்டும் கலங்கல். குழந்தையின் அம்மா படத்தை நிதானமாகப் பார்த்தார். "நல்லா வந்திருக்கு சார். அந்த மூணாவது காதுக்கு யார் கம்மல் போடறது?"

கேளம்பாக்கத்துச் சிலைகள்

அடுத்தது ஒரு ரிசப்ஷன். மேடையில் பதினாலு பேர். எட்டு படம் எடுத்துவிட்டு "ஆச்சுங்க" என்றேன். ஒருத்தரும் நகரவில்லை. பளிச்சென்று அடித்தால்தானே நம் ஜனத்துக்குப் படம் விழுந்த மாதிரி? அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பரிசுப் பொட்டலத்தோடு வரிசை சாப்பாட்டுக் கூடம் வரை நீண்டது.

கேமராத் திரையில் படத்தைக் காட்டினேன். முன்னாடி எடுத்ததைக் காட்டி ஏமாற்றுகிறேன் என்றார்கள். கடைசியில் மானம் கெட்டு, விதானத்தைப் பார்த்துச் சும்மா ஒரு ஃப்ளாஷ் அடித்துக் கூட்டத்தைக் கலைத்தேன். பெண்ணின் பெரியப்பா மட்டும் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப்போனார். "ஃப்ளாஷ் ரிப்பேர்னா மறைக்காம சொல்லுங்க தம்பி, வேற ஆளைக் கூப்பிட்டுக்கறோம். இதுல வெட்கப்பட என்ன இருக்கு?"

படப்பை

நிக்காஹ் அன்று மதியம், சொல்லி வைத்த மாதிரி கரண்ட் போனது. ஜெனரேட்டர் மேடைக்கு மட்டுமாம். பெண்கள் பக்கம் நான் போவதில்லை. ரஹ்மத்தின் அண்ணன்தான் அவள் அறையில் இருந்த பெண்களை ஒதுக்கிவிட்டு என்னைக் கூட்டிப்போனான். ஒரே ஒரு ஜன்னல், அதிலும் பாதித் திரை. மகள் பக்கத்தில் அத்தா வந்து நின்றார். இந்தப் படம் கலங்கினால் அந்தப் பெண் வெறுங்கையோடு விமானம் ஏறுவாள்.

"ஃப்ளாஷ் இல்லை, அத்தா" என்று சொல்ல ரஹ்மத் வாயெடுத்தாள். கேளம்பாக்கத்துச் சிலைகள் ஞாபகத்துக்கு வர, வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். "ரெடி" சொல்லவில்லை. மனிதர், ஃப்ளாஷ் எப்போது அடிக்குமோ என்று லென்ஸையே பார்த்துக்கொண்டு, ஆடாமல் அசையாமல் நின்றார். பத்து படம் எடுத்தேன். எட்டில் கண் திறந்திருந்தது. திரையைப் பார்த்த ரஹ்மத் தேம்பித் தேம்பி அழுதாள். அத்தா நின்ற இடத்திலேயே நின்றார். "அடிக்கும்போது ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி, கண்ணை மூடிக்கறேன்."

ஆக, கை ஆடாமல் லென்ஸ் பார்த்துக்கொண்டது. ஆள் ஆடாமல் பார்த்துக்கொண்டது என்னவோ, ஃப்ளாஷ் அடிக்காமல் படம் விழாது என்று என் மேல் ஊருக்கு இருந்த அவநம்பிக்கைதான்.