ஊசி கொடுத்த துண்டு

என் நாத்தனார் தையல்காரி. ஒல்லியாக இருப்பதால் எங்களுக்கு அவள் 'ஊசி'. என் வீட்டுக்காரருக்குக் கல்லீரலில் பாதியைத் தர அவள்தான் முன்வந்தாள்.

"அவர் பெரிய ஆளு. உங்க துண்டு பத்துமான்னுதான் யோசிக்கிறேன்" என்றார் டாக்டர்.

தின்றால் கல்லீரலும் பெருக்கும் என்று ஊசி ஒரு மாதம் ஒரு பிடி பிடித்தாள். மறு ஸ்கேனில் அது பெருக்கவில்லை, கொழுப்புதான் ஏறியிருந்தது; கொழுப்பு ஏறிய ஈரலை எடுக்க முடியாதாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவள் வாயைக் கட்டி, இரண்டு மாதம் நடையாய் நடந்து கரைத்தாள்.

எடுத்த துண்டு அறுநூற்றுப் பத்து கிராம், மட்டுமட்டாகப் போதுமாயிருந்தது.

பத்தாம் நாள் அண்ணனைப் பார்க்க வந்தாள். "சின்னதாமே?" என்றார் அவர்.

வயிற்றுத் தையலை அமுக்கிக்கொண்டு சொன்னாள்: "உன் உடம்புக்கு ஏத்த மாதிரி அதுவே வளருமாம்ணா. இப்படி ஒரு துணி வந்தா என் கடையை மூட வேண்டியதுதான்."