மேல் வீட்டுக் குழாய்ச் சத்தம்

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் மூன்றாம் மாடி. எங்களுக்கு நேர் மேலே, கொட்டாஞ்சேனைப் பெண் ஒருத்தியைக் கலியாணம் முடித்த ஒரு தம்பி அவளோடு குடிவந்தான். அதன்பிறகு எனக்குச் சோறு இறங்கியதே போனில் அவன் போடுகிற படங்களோடுதான். கடற்கரையில் அவளுக்கு ஐஸ்கிரீம் ஊட்டுகிற படம், குனிந்து அவள் செருப்பு வாரைப் பூட்டுகிற படம். ஒவ்வொன்றின் கீழும் ‘என் உயிரில் பாதி’ என்ற ஒரே வரி. ஒன்றுவிடாமல் ஹார்ட் போட்டேன். போட்ட கையோடு போனை என் புருஷனின் மூக்குக்கு முன்னால் நீட்டினேன்.

“மேல் வீட்டுத் தம்பியைப் பாருங்கோ.”

“எனக்கு உதெல்லாம் வராது,” என்பார். விடிய எழும்பிச் சந்தைக்குப் போய், மீன் வாங்கி, வெட்டிக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போகிற மனிதர். மீன் வெட்டுவதை யார் படம் எடுப்பார்கள்? அதை நான் அன்பென்று நினைத்ததே இல்லை.

மேலிருந்து வேறொன்றும் வந்துகொண்டிருந்தது. குளியலறை யன்னலால் கதவு அடிபடுகிற சத்தம் கேட்கும். பிறகு குழாய்த் தண்ணீர் நெடுநேரம் ஓடும். அந்தத் தண்ணீருக்குள்ளே ஒரு பெண் அழுவது எனக்குக் கேட்டது. டிவி நாடகமாக்கும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். விசாரிக்க எனக்குப் பதினாறு படிதான். ஏறவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பிறகு ஏழு நாளாகக் குழாய்ச் சத்தமே இல்லை. மொட்டை மாடிக் கொடியில் அவனுடைய சேர்ட்டுகள் மட்டும் காய்ந்தன. படியில் கண்டபோது கேட்டேன்.

“தங்கச்சி எங்கை, காணேல்லை?”

“அம்மா வீட்டை போயிருக்கிறா, அக்கா,” என்று சிரித்தான்.

ஒரு மாதமாகியும் அவள் திரும்பவில்லை. அவளோடு முன்பு எடுத்த படங்கள் மட்டும் கூடின, நாளுக்கு இரண்டு. கொடியையும் பார்த்தேன், போனையும் பார்த்தேன். ஆனாலும் வயிறெரிந்தது போனைப் பார்த்துத்தான்.

அந்த எரிச்சலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, “என்னோடை நிண்டு ஒரு படம் போட உங்களுக்கு வெக்கமோ? உங்களைக் கட்டி நான் என்னத்தைக் கண்டனான்?” என்றேன். அவர் தலையணையை எடுத்துக்கொண்டு ஹோலுக்குப் போனார். ஐந்து நாள் பேச்சில்லை. மீனும் இல்லை. எனக்குப் பயம் பிடித்தது, ஆனாலும் நானாக இறங்கிப் போகவில்லை.

ஆறாம் நாள் காலை நான் சமைத்துக்கொண்டு நிற்க, போனோடு குசினிக்குள் வந்தார். என் தோளில் கை போட்டார். “இஞ்சை பாரும்,” என்றார். இருவரும் சிரித்தோம். படம் விழுந்ததும் கையை எடுத்துவிட்டார். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

சற்று நேரத்தில் என் போன் அதிர்ந்தது. படத்தைப் போட்டிருந்தார், நான் சண்டை பிடித்துக் கேட்ட படம். கீழே ‘என் உயிரில் பாதி’ என்று எழுதியிருந்தார். ஹார்ட்டுகள் வந்து குவிந்தன. அவற்றுக்கு நடுவே எனக்கு ஒரு மெசேஜ், கொட்டாஞ்சேனைக்குப் போன மேல் வீட்டுப் பெண்ணிடமிருந்து.

“அக்கா, நீங்க ஓகேயா?”

போனைக் கவிழ்த்து வைத்தேன். குளியலறைக்குப் போய், கதவைப் பூட்டிவிட்டு, குழாயைத் திறந்தேன்.