தனியாக வரும் பெண்களுக்கு அறை இல்லை

அன்னலட்சுமி தன் கூடப்பிறந்த அண்ணனோடு கதையை விட்டு வருடக்கணக்காகியிருந்தது. கதைக்காததோடு நின்றிருந்தால் ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்திருக்கமாட்டார்கள். ஆனால் திருகோணமலைக் கடைத்தெருவில் அவனுடைய கார் வருவதைக் கண்டால், விரித்த குடையை மடக்கி அக்குளில் செருகிக்கொண்டு நடுரோட்டில் இறங்கிவிடுவாள். பின்னால் ஹோர்ன் அடிக்க அடிக்க, திரும்பிப் பார்க்காமல், சந்தி வரைக்கும் ஆறுதலாக நடப்பாள். காருக்குள் இருக்கும் இரத்தினசிங்கம் வியர்த்துக்கொண்டிருப்பான். ஐந்து விடுதிகளுக்குச் சொந்தக்காரன், தங்கையின் முதுகைப் பார்த்தபடி ஊர்ந்து போவான்.

அந்த விடுதிகளின் தொடக்கம் அவளுடைய வீடுதான். பிரிட்டிஷ் கடற்படை துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது, அவள் புருஷன் கதிரவேலுக்கு டொக்யாட் கப்பல் பட்டறை வேலை இல்லாமற்போனது. இறங்குதுறைக்குப் பக்கத்தில் அவர்களுக்கு மூன்று அறை வீடு ஒன்று இருந்தது. மூதூரிலிருந்தும் தோப்பூரிலிருந்தும் அரசாங்கக் கச்சேரிக்கும் கோட்டு வழக்குக்கும் ஆஸ்பத்திரிக்கும் வருகிற சனம், குடாவைக் கடந்து திரும்பிப்போகும் கடைசி மோட்டர் லோஞ்சை விட்டுவிட்டால் இறங்குதுறைப் பலகைப் பாலத்திலேயே படுக்கும். அன்னலட்சுமி இரண்டு அறைகளைக் கூட்டிக் கழுவி, பாயும் தலையணையும் போட்டு, கிணற்றடியில் வாளி வைத்து, காலையில் பால் விடாத பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தாள். சனம் வந்தது. அடுத்த தடவை தங்கள் சொந்தக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தது.

அப்போது இரத்தினசிங்கம் கடற்படை ஸ்டோரில் கிளாக்காக இருந்து வேலை போனவன். கடற்படை கழித்துவிட்ட இரும்புக் கட்டில்களை ஏலத்தில் விடுகிறார்கள் என்று அவன்தான் வந்து சொன்னான்.

"பாயில படுக்கிறதுக்கு ஆர் இனி வரப்போகினம்? கட்டில் போடுவம் தங்கச்சி. உன்ர வீட்டிலயே போடுவம்."

அவள் சம்மதித்தாள். கதிரவேல் வண்டில் பிடித்து, கட்டில்களை ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கி ஏற்றினான். வண்டில் வீட்டுக்கு வரவில்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இரத்தினசிங்கம் ஏற்கெனவே வாடகைக்குப் பேசிவைத்திருந்த மாடிக் கட்டடத்துக்குப் போனது. மறுநாள் அங்கே 'இரத்தினா லொட்ஜ்' என்று பெயர்ப்பலகை ஏறியது. அன்னலட்சுமி போய்க் கேட்டபோது, "உன்ர வீட்டு வாசலுக்குள்ளால இந்தக் கட்டில் போகாது" என்றான். அது பொய். அவள் அன்று மாலையே கயிற்றால் வாசலை அளந்து பார்த்துவிட்டாள்.

அதைவிட அவளுக்கு வயிறு எரிந்தது வேறொன்றில். கதிரவேல் அந்த லொட்ஜிலேயே வேலைக்குப் போய்ச் சேர்ந்தான்.

"வேற வேலை எங்க கிடக்கு, சொல்லு பாப்பம்?" என்றான் அவளிடம்.

"எங்கயும் கிடக்கும். நீங்கள் தேடவில்லை. உங்களுக்கு ஆரும் அதட்டிச் சொல்ல வேணும், அவ்வளவுதான்."

சண்டைக்கு வராத புருஷனோடு எவ்வளவு நேரம்தான் சண்டை பிடிப்பது. அவள் சமைத்துப் போட்டாள். அவன் தின்றுவிட்டு அண்ணனிடம் வேலைக்குப் போனான்.

இரத்தினசிங்கம் வளர்ந்தான். மூதூரில் ஒன்று, கந்தளாயில் ஒன்று, மட்டக்களப்பில் ஒன்று என்று திறந்தான். எல்லாம் ஒரே மாதிரி: பச்சைக் கதவு, இரும்புக் கட்டில், ஒரு மேசை, ஒரு மண் கூசாவில் தண்ணீர். ஊருக்குப் புதிதாக வருகிற எழுதுவினைஞனும் சேல்ஸ்மேனும் கண்ணை மூடிக்கொண்டு அங்கே போனார்கள். இறங்குதுறையில் அவனுடைய ஆட்கள் நின்று, லோஞ்சு துறையில் அணையும்போதே சனத்தின் பைகளைப் பிடுங்கினார்கள். அன்னலட்சுமி வீட்டில் மூட்டைப்பூச்சி என்று சொன்னார்கள். அவள் ஒருநாள் தன் பாய்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போய் இறங்குதுறையில் விரித்து, "ஒண்டையாவது பிடிச்சுக் காட்டுங்கோடா!" என்று வெயில் ஏறும்வரை நின்றாள். அவர்கள் சிரித்தார்கள். சனம் பச்சைக் கதவுக்கே போனது.

அவளிடம் மிஞ்சியது பெண்கள். லொட்ஜ்களில் ஒரு சட்டம் இருந்தது, தனியாக வருகிற பெண்ணுக்கு அறை கிடையாது. பேர் கெட்டுவிடுமாம். ஆஸ்பத்திரியில் பிள்ளையை விட்டுவிட்டு நிற்கிற தாய், சோதனை எழுத வந்த வாத்தியார்ப் பெட்டை, கோட்டில் தவணைக்கு வந்த விதவை என்று எல்லோரும் பச்சைக் கதவில் தட்டி, கலைபட்டு, அவளிடம் வந்தார்கள். அவள் யாரையும் கேள்வி கேட்கவில்லை. சோறு இருந்தால் கொடுத்தாள். அதட்டிக்கொண்டுதான் கொடுத்தாள், அவளுடைய வாயில் நல்ல சொல் குறைவு.

ஒரு மாரிநாள் நஜ்முன் நிஸா என்ற இளம் பெண் நனைந்து சொட்டச் சொட்ட வந்து நின்றாள். தோப்பூர். அவளுடைய தாயை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து மறித்துவிட்டார்கள். லொட்ஜில் கேட்டதற்கு, ஆம்பிளைத் துணையோடு வா என்றார்களாம்.

"எனக்குப் போக இடமில்ல அக்கா."

"அதுக்கேன் மழைக்க நிண்டு அழுகிறாய்? உள்ளுக்கு வந்து சீலையை மாத்து."

விடியற்காலை பொலிஸ் வந்தது. தகாத பெண்கள் தங்குகிற வீடு என்று யாரோ அறிவித்திருக்கிறார்கள். நஜ்முன் நிஸாவை முற்றத்தில் நிறுத்தி, யாருடைய மகள், ஏன் தனியாக வந்தாய், யார் கூட்டிவந்தது என்று கேட்டார்கள். அவள் முக்காட்டை வாய்க்குள் திணித்துக்கொண்டு விம்மினாள். வேலிக்கு மேலால் அயல் முழுவதும் எட்டிப் பார்த்தது. அறிவித்தது யார் என்று ஒருவரும் அன்னலட்சுமிக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. இனி ஆட்களைத் தங்கவைத்தால் வழக்குத்தான் என்று எச்சரித்துவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் அந்த வீட்டுப் படியில் ஒரு பெண்ணும் ஏறவில்லை.

அந்த மாதம்தான் இரத்தினசிங்கம் திருகோணமலையிலேயே ஓர்ஸ் ஹில்லில் புதிய விடுதியைத் திறந்தான். மின்விசிறி, வோஷ்பேசின், வாசலில் குத்துவிளக்கு. நகரசபை ஆட்களும் கடைக்காரரும் கதிரைகளில் அமர்ந்து கேக் தின்றுகொண்டிருந்தார்கள். கதிரவேலுக்கு வெள்ளை லோங்ஸ் காற்சட்டை போட்டு, சாவிகள் தொங்கும் மேசைக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். அன்னலட்சுமி கலியாணச் சீலையை உடுத்து, கையில் ஒரு பையோடு நேரே அந்த மேசைக்குப் போனாள்.

"ஒரு அறை வேணும்."

"ஆருக்கு?" என்றான் கதிரவேல். வேறு சொல் அவனுக்கு வரவில்லை.

"எனக்கு. ஆஸ்பத்திரிக்கு வந்தனான். லோஞ்சை விட்டிட்டன். தனியத்தான் வந்தனான்."

"அன்னம், வீட்டை போ."

"வீட்டின்ர பேரைக் கெடுத்துப்போட்டாங்கள். அதுதான் நல்ல இடமாப் பாத்து வந்தனான். அறை இருக்கோ, இல்லையோ?"

கேக் தின்ற வாய்கள் நின்றுவிட்டன. இரத்தினசிங்கம் விரைந்து வந்தான். சத்தம் போட அவனுக்குத் துணிவில்லை. "கதிரவேல், எங்கட சட்டத்தைச் சொல்லிவிடு" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

கதிரவேல் மேசையைப் பார்த்தான். சாவிகளைப் பார்த்தான். மனைவியைப் பார்க்கவில்லை.

"தனிய வாற பொம்பிளையளுக்கு அறை இல்லை."

அவன் சொல்லமாட்டான் என்று அவள் நம்பி வந்திருந்தாள். அந்த நம்பிக்கை தனக்கு இருந்ததே அவன் சொன்ன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் அழவில்லை. கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"கேட்டியளோ எல்லாரும்? என்ர அண்ணன் இவர் மழைக்க கலைச்சுவிட்ட பொம்பிளையள்தான் என்னட்டை வந்து படுக்கிறது. அதுகளைத்தான் இவர் பொலிசுக்குக் காட்டிக் குடுத்தவர்." பிறகு அண்ணனிடம், வாழ்நாளில் முதல் தடவையாக மரியாதையை விட்டுச் சொன்னாள்: "நீ நாசமாப் போ."

இரண்டு பேர் அவளுடைய தோளைப் பிடித்து வெளியே விட்டார்கள்.

இந்தக் கதை லோஞ்சில் ஏறி மூதூருக்குப் போய், தோப்பூர்ச் சந்தைக்கும் போனது. நஜ்முன் நிஸாவின் மாமனார் முஹம்மது தம்பி அங்கே கடை வைத்திருந்தார். மருமகள் அவமானத்தில் வீட்டாருக்கு ஒன்றும் சொல்லாமல் மறைத்திருந்தாள். சந்தையில் கேள்விப்பட்டு அவர் வீட்டில் விசாரித்தார். அடுத்த லோஞ்சிலேயே, இன்னும் சில பெரியவர்களோடு, திருகோணமலைப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தார்.

"என்ட மருமகள் அந்த ஊட்டுலதான் கெடந்தவ. தகாத பொம்புள எண்டு எழுதிக்கிட்டீங்களாம். ஆரு சொன்னது? அந்த ஆள என்ட முன்னுக்குக் கொண்டு வாங்க."

ஆளை யாரும் கொண்டுவரவில்லை. ஆனால் பொலிஸ் அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு வரவும் இல்லை. பெண்கள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தார்கள். முஹம்மது தம்பி நன்றி சொல்ல வந்தபோதுகூட அன்னலட்சுமி, "நீங்கள் அண்டைக்கே மருமகளோட ஒரு துணையை அனுப்பியிருக்கலாம்" என்றுதான் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

கதிரவேலை அவள் வீட்டுக்குள் விடவில்லை. அவனுடைய உடுப்புகளைப் பெட்டியோடு ஓர்ஸ் ஹில்லுக்கு அனுப்பினாள். இரத்தினசிங்கம் அவனை மூதூர் லொட்ஜுக்கு மாற்றினான்.

இதனாலெல்லாம் இரத்தினசிங்கம் வீழ்ந்துவிடவில்லை. வெள்ளைக்காரர் நிலாவெளிக் கடற்கரைக்கு வரத் தொடங்கியதும் அங்கும் இரண்டு இடத்தில் மலிவு அறைகள் கட்டினான். பிறகு ஒருநாள் அவனுடைய எல்லா விடுதிகளிலும் 'பெண்களுக்குத் தனிப் பகுதி உண்டு' என்று பலகை மாட்டப்பட்டது. நல்ல மனுஷன், காலத்துக்கு ஏற்ற யோசனை என்று ஊர் சொன்னது. அன்னலட்சுமி அந்தப் பலகையைப் பார்ப்பதற்காகவே பஸ் நிலையம் வரைக்கும் நடந்து போனாள். வாசித்துவிட்டுத் துப்பினாள்.

சுற்றுலாக்காரரோடு இங்கிலீஷ் கதைக்கிற பொடியன்கள் வந்ததும் கதிரவேல் வேண்டாதவனானான். நரைத்த தலையோடு, பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு லோஞ்சில் வந்து இறங்கினான். அன்னலட்சுமி கொஞ்ச நேரம் வாசலை மறித்து நின்றாள்.

"போகச் சொல்லிப்போட்டாரோ?"

"ஓம்."

"கடைசி அறை கிடக்கு. மற்ற அறையளில பொம்பிளையள். அந்தப் பக்கம் வரப்படாது."

அவன் கடைசி அறையில் இருந்தான். கிணற்றில் தண்ணீர் அள்ளினான், விறகு கொத்தினான். அவள் அவனை மன்னித்ததாக ஒருநாளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

எண்பத்தோராம் ஆண்டில் இரத்தினசிங்கம் நீரிழிவில் கால் அழுகிச் செத்தான். ஏழு விடுதிகளிலும் கறுப்புக் கொடி கட்டினார்கள். மூத்த மகன் வந்து முற்றத்தில் நின்று, "மாமி, அப்பாவைக் கடைசியா ஒருக்கா வந்து பாருங்கோ" என்றான்.

"நான் இவ்வளவு காலமும் பாத்தது காணும், இனி வேண்டாம்" என்றாள் அன்னலட்சுமி.

கதிரவேல் போனான். சாவீட்டுக்காரி, அண்ணனின் பிணம் எடுக்கும்வரை, அடுப்பு மூட்டக்கூடாது என்று அயலவள் ஒருத்தி வேலியடியில் வந்து சொன்னாள். கிளிவெட்டியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த மூன்று பெண்கள் விறாந்தையில் பசியோடு இருந்தார்கள். அன்னலட்சுமி பெரிய பானையை எடுத்து அடுப்பில் வைத்து, அரிசியைக் களைந்து போட்டாள். புகை கூரைக்கு மேலால் எழுந்து, தெரு முழுவதற்கும் தெரிந்தது.